உரத்துப் பாடாதவர்கள்: யங் மார்பிள் ஜயண்ட்ஸும் அடங்கிய குரல் பொப் இசையும்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போகும் இரவு பஸ்ஸில்தான் ‘கொலோசல் யூத்’ என்ற இசைத்தட்டை முதன்முதலில் கேட்கப் பார்த்தேன். நண்பர் ஒருவர் இணைப்பை அனுப்பியிருந்தார். பஸ்ஸின் முன்பக்கத் திரையில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. சண்டைக் காட்சி வரும்போதெல்லாம் இருக்கை அதிர்ந்தது. என் இயர்போனில் ஒரு பெண் ஏதோ முணுமுணுப்பதும், யாரோ மேசையில் விரலால் தட்டுவதும் மாதிரித்தான் கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன். முணுமுணுப்பு கொஞ்சம் பெரிய முணுமுணுப்பானது, அவ்வளவுதான். வவுனியா வருவதற்கு முன்னரே நிறுத்திவிட்டு நித்திரையாகிவிட்டேன்.

2022 இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட ஓர் இரவில் அதை மறுபடி போட்டேன். மின்விசிறி இல்லை, அயல்வீட்டுத் தொலைக்காட்சி இல்லை, தண்ணீர் மோட்டர் இல்லை. கைத்தொலைபேசியில் பாதிச் சார்ஜ் இருந்தது. அன்றைக்குத் தட்டு முழுவதையும் கேட்டேன். விரல் தட்டல் என்று நினைத்தது ஒரு தாள இயந்திரம். முணுமுணுப்பு என்று நினைத்தது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகின்ற ஒரு பாட்டு. பஸ்ஸில் என் காதில் விழவே விழாத இன்னொன்றும் அங்கே இருந்தது: பாட்டின் பாதியைத் தூக்கிச் செல்கின்ற பேஸ் கிற்றார்.

அமைதியான பொப் இசை என்றால் ‘நித்திரை வரப் பண்ணும் பாட்டு’, ‘படிக்கும்போது பின்னால் ஓடவிடலாம்’ என்று சொல்லிவிட்டுப் போவது நம் வழக்கம். சில பாடல்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் மெல்லப் பாடுவதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எப்படிக் கேட்பது, ஏன் கேட்பது என்பதை விளக்க யங் மார்பிள் ஜயண்ட்ஸை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் 1978 இல் தொடங்கிய குழு இது. மூன்று பேர். ஸ்டூவர்ட் மொக்ஸம் கிற்றாரும் ஓர்கனும் வாசித்தார். பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் அவரே. அவரது சகோதரர் பிலிப் மொக்ஸம் பேஸ் கிற்றார். அலிசன் ஸ்டற்றன் பாடினார். ட்ரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. மின்னணு வேலை தெரிந்த உறவினர் ஒருவர் வீட்டிலேயே செய்து கொடுத்த தாள இயந்திரத்தின் ஓசையைக் கசெட்டில் பதிந்து வைத்து, மேடையில் அந்தக் கசெட்டை ஓடவிட்டு அதனோடு சேர்ந்து வாசித்தார்கள்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ‘பங்க்’ அலை பிரிட்டனை உலுக்கி ஒன்றிரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. கிற்றார் வாசிக்கத் தெரியாதவரும் மேடையேறலாம் என்று பங்க் சொன்னது. ஆனால் ஏறியவர்கள் எல்லோரும் வேகமாகவும் உரத்தும் வாசிக்க வேண்டும் என்பது எழுதாத விதியாகிவிட்டது. பியர் குடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தின் முன்னால், ட்ரம்ஸ் இல்லாமல், மேடையில் ஆடாமல் அசையாமல் நின்று மெல்லப் பாடுவதற்குத்தான் அப்போது அதிக துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

பங்க் விட்டுச் சென்ற இன்னொரு விடயம் இவர்களுக்குக் கைகொடுத்தது. பெரிய நிறுவனங்களின் தயவு இல்லாமல் சொந்தமாக இசைத்தட்டு அச்சிட்டு விற்கும் சிறு நிறுவனங்கள் நாடெங்கும் முளைத்திருந்தன. ‘இண்டி’ என்ற சொல்லின் மூலம் அதுதான்: இண்டிபென்டன்ட், சுயாதீனம். இன்று அது ஒரு பாணியின் பெயராகிவிட்டது, பெரிய நிறுவனத்தின் பாடலைக்கூட இண்டி என்கிறார்கள். அன்றைக்கு அது பணம் எங்கிருந்து வருகிறது, தட்டை யார் விற்கிறார்கள் என்பதைக் குறித்த சொல். லண்டனில் 1976 இல் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கி 1978 இல் வெளியீட்டு நிறுவனமாகவும் மாறிய ரஃப் ட்ரேட் அவற்றில் முக்கியமானது. கார்டிஃப் குழுக்கள் சில சேர்ந்து 1979 இல் வெளியிட்ட ‘இஸ் த வோர் ஓவர்?’ என்ற தொகுப்புத் தட்டில் இவர்களது பாடல்களைக் கேட்டுவிட்டு, முழுத் தட்டு ஒன்று செய்யச் சொல்லி ரஃப் ட்ரேட் அழைத்தது. வேல்ஸின் உட்பகுதியில் உள்ள ஃபோயல் ஸ்டூடியோவில் சில நாட்களுக்குள் பதிவு செய்து முடித்தார்கள். 1980 பெப்ரவரியில் ‘கொலோசல் யூத்’ வெளியானது. 15 பாடல்கள். மொத்தம் 40 நிமிடங்கள்கூட இல்லை.

அந்த 15 பாடல்களிலும் என்ன இருக்கிறது என்பதை விட என்ன இல்லை என்று சொல்வது இலகு. எதிரொலி ஏற்றிய பெரிய மண்டபம் போன்ற ஓசை இல்லை. கோரஸ் வரும்போது எல்லா வாத்தியங்களும் சேர்ந்து எழும்புவது இல்லை. கிற்றார் தனி ஆவர்த்தனம் இல்லை. ஸ்டூவர்ட் வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகளின் மேல் வைத்து அமர்த்திக்கொண்டு மீட்டுகிறார். அதனால் ஒவ்வொரு சுரமும் பிறந்தவுடனேயே நின்றுவிடுகிறது. கிற்றார் பாடவில்லை, ‘டிக், டிக்’ என்று எழுதுகிறது. அந்தச் சிறு சுரங்களுக்கு நடுவில் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில்தான் பிலிப்பின் பேஸ் நடக்கிறது. வழமையான பொப் பாடலில் பேஸ் அத்திவாரம். மேலே கட்டிடம் எழும்பியதும் கண்ணுக்குத் தெரியாது. இங்கே மேலே கட்டிடமே இல்லாததால் மெட்டில் பாதியை அதுவே சொல்கிறது.

கைத்தொலைபேசியின் சிறு ஸ்பீக்கரால் இந்தக் கீழ்ச்சுரங்களை எழுப்ப முடியாது. பஸ்ஸின் இரைச்சலும் அதே கீழ்ச்சுரப் பகுதியைத்தான் மூடுகிறது. என் முதல் இரவில் நடந்தது இதுதான். வீட்டில் பாதிச் சுவரைக் கழற்றிவிட்டு வீடு ஏன் நிற்கவில்லை என்று கேட்ட மாதிரி.

பிறகு அலிசன் ஸ்டற்றனின் குரல். பயிற்சி பெற்ற பாடகியின் குரல் அது இல்லை. நடுக்கம் இல்லை, கமகம் போன்ற எந்த வளைவும் இல்லை, சொல்லின் முடிவில் இழுப்பு இல்லை. யாருமில்லாத வீட்டில் உடுப்பு மடித்தபடி பாடுகின்ற ஒருவருடைய குரல். பாட்டின் பொருளைத் தன் முகபாவத்தால் விளக்க அவர் முயலவே இல்லை. முதலில் இது உணர்ச்சியற்றதாகத் தோன்றும். மூன்றாவது தடவை கேட்கும்போது ஒரு சொல்லில் குரல் இம்மியளவு தாழ்வதைக் கவனிப்பீர்கள். அத்தனை அமைதியில் அந்த இம்மி ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது. ‘பிராண்ட் நியூ லைஃப்’ பாடலைக் கேட்டுப் பாருங்கள். பிரிவைப் பற்றிய பாட்டு. இதே வரிகளை உச்சஸ்தாயியில் பாடக்கூடியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அப்படிப் பாடியிருந்தால் அந்தத் துக்கம் பாடகியினுடையதாக இருந்திருக்கும், நாம் பார்வையாளர்களாக இருந்திருப்போம்.

இப்படி மெல்லப் பாடுவதே ஒரு தொழில்நுட்பத்தின் பிள்ளை என்பது பலருக்கு மறந்துவிட்டது. ஒலிவாங்கி வருமுன் பாடகரின் முதல் கடமை கடைசி வரிசைக்குக் கேட்க வைப்பது. நம் இசை நாடக மேடைகளில் எஸ்.ஜி.கிட்டப்பா காலத்தவர்கள் அவ்வளவு உயர்ந்த சுருதியில் பாடியதற்கு ஒரு காரணம் அதுதான். 1925 அளவில் மின்சார ஒலிப்பதிவு வந்தது. பாடகர் இனிமேல் கத்தத் தேவையில்லை. ஒலிவாங்கியின் அருகே நின்று ஒருவரின் காதுக்குள் சொல்வது போலப் பாடலாம். பிங் குரொஸ்பி போன்றவர்கள் இதில் பெயர் பெற்றார்கள். இதைப் பலர் சகிக்கவில்லை. பொஸ்டன் கர்தினால் ஓகொனல் 1932 இல் இந்தப் பாணியை ஒழுக்கக்கேடு என்று வெளிப்படையாகக் கண்டித்தார். ஆண் ஒருவர் உரத்த குரலை விட்டுவிட்டு மென்மையாகப் பாடுவதே அவர்களுக்குப் பிரச்சினையாக இருந்தது. தமிழ்த் திரையில் ஏ.எம்.ராஜாவும் பி.பி.ஸ்ரீநிவாஸும் பாடிய அந்தத் தாழ்ந்த குரல்கள் ஒலிவாங்கி இல்லாமல் சாத்தியமே இல்லை. இலங்கை வானொலியில் அவற்றைக் கேட்டு வளர்ந்த வீடுகளுக்கு அடங்கிய குரல் ஒன்றும் அந்நியமானதல்ல. இடையில் எங்கோ காது மாறிவிட்டது.

மாறியதற்குக் காதின் இயல்பும் ஒரு காரணம். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலிருந்து வெளியிட்ட அளவீடுகள் இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் உண்டு. சத்தம் குறையும்போது நம் காது கீழ்ச்சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் மற்றவற்றை விட வேகமாக இழக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் அவை திரும்பி வருகின்றன. பாட்டு நிறைவாகத் தோன்றுகிறது. ஆகவே ஒரே பாடலை இரண்டு அளவுகளில் போட்டுக் காட்டினால், கொஞ்சம் உரத்ததைத்தான் நல்ல பதிவு என்று பெரும்பாலானோர் சொல்வார்கள். இசை நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொம்ப்ரெஷன் என்ற முறையில் பாட்டின் மெல்லிய இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களை அமர்த்தி, மொத்தத்தையும் மேலே தள்ளலாம். இறுவட்டுக் காலத்தில் ஒருவரையொருவர் முந்துவதற்காக இதை எல்லை தாண்டிச் செய்தார்கள். 2008 இல் மெட்டாலிக்காவின் ‘டெத் மக்னெற்றிக்’ வெளியானபோது இரசிகர்களே முறையிட்டார்கள். அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் அவ்வளவு நெருக்கப்படாமல் வந்திருந்ததால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களால் முடிந்தது.

இப்போது ஸ்பொட்டிபை போன்ற சேவைகள் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே சராசரி அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. அதனால் உரத்துப் பதிந்தவருக்கு முன்போல இலாபமில்லை. ஆனால் வேறொரு விசித்திரம் நடந்திருக்கிறது. ‘அமைதி’ ஓர் அலங்காரமாகிவிட்டது. தூங்குவதற்கும் படிப்பதற்கும் என்று தொகுக்கப்படும் பட்டியல்களில் பாடகர்கள் காதுக்குள் மூச்சுவிட்டபடி பாடுகிறார்கள். நன்றாகக் கவனித்தால் அந்த மூச்சு, பக்கத்தில் அடிக்கும் ட்ரம்ஸின் அளவுக்கே உரத்துக் கேட்கும். குசுகுசுப்பைப் பிடித்து, நெருக்கி, ஒரு கத்தலின் உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். இவற்றில் நல்ல பாடல்கள் இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் அவை உங்களிடம் எதையும் கேட்பதில்லை. நீங்கள் எங்கே இருந்தாலும் வந்து காதில் ஒட்டிக்கொள்கின்றன. ‘கொலோசல் யூத்’தின் அமைதி வேறு. அது தன் இடத்தில் இருக்கிறது, நாம்தான் எழும்பிப் போக வேண்டும்.

மேடையில் இதை அதன் எல்லை வரை கொண்டுபோனவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் 1993 இல் தொடங்கிய ‘லோ’ குழுவினர். கணவன் அலன் ஸ்பார்ஹோக் கிற்றார், மனைவி மிமி பார்க்கர் நின்றுகொண்டு, ஓரிரு ட்ரம்களையும் ஒரு தட்டுத்தாளத்தையும் மட்டும் பெரும்பாலும் பிரஷ்ஷால் வருடி வாசிப்பார். பார்களில் கூட்டம் கதைக்கத் தொடங்கினால் மற்றக் குழுக்கள் சத்தத்தைக் கூட்டும். இவர்கள் குறைப்பார்கள். மிமி பார்க்கர் 2022 இல் புற்றுநோயால் காலமானார். அதோடு லோவும் முடிந்தது.

மெல்லப் பாடுவது சின்ன விடயங்களுக்கு மட்டும்தான் என்றும் ஒரு நினைப்பு உண்டு: மழை, தேநீர், பழைய காதல். யங் மார்பிள் ஜயண்ட்ஸ் அதே 1980 இல் வெளியிட்ட ஒரு சிறிய தட்டில் ‘ஃபைனல் டே’ என்ற பாடல் இருக்கிறது. இரண்டு நிமிடங்கள்கூட ஓடாது. அணுகுண்டு விழுந்து உலகம் முடிகின்ற நாளைப் பற்றிய பாட்டு அது. அந்த ஆண்டுதான் பிரிட்டிஷ் அரசு, அணுத் தாக்குதல் நடந்தால் வீட்டுக்குள் எப்படிப் பதுங்குவது என்று விளக்கும் ‘புரொடெக்ட் அன்ட் சர்வைவ்’ கைநூலைப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு விட்டது. அமெரிக்க ஏவுகணைகளை இங்கிலாந்தின் கிரீன்ஹம் கொமனில் நிறுத்தப்போகும் அறிவிப்பும் வந்தது. பயம் நிஜமானது. பாடலின் பின்னணியில் ஓர் உயர்ந்த சுரம் நிற்காமல் மெல்லியதாக ஒலித்துக்கொண்டே இருக்கிறது, காது அடைத்த பிறகு கேட்கும் இரைச்சல் மாதிரி. அதன் மேல் அலிசன் வழமையான குரலில், நாளைய வேலைகளைச் சொல்வது போல, முடிவைச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்தப் பாட்டைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. எங்கள் ஊரில் மரண அறிவித்தல் ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் வரும். நினைவு நாட்களுக்கும் சோக இசையை உரக்கப் போட்டுத்தான் பழகியிருக்கிறோம். அதற்கான தேவையும் நியாயமும் எனக்கு விளங்குகிறது. வருடக்கணக்கில் அழவே விடாத இடத்தில் உரத்து அழுவதும் ஓர் உரிமைதான். ஆனால் அம்மம்மா 1995 இடப்பெயர்வைப் பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்தியதே இல்லை. செம்மணி வீதியில் அன்றிரவு பெய்த மழையையும், பூட்டிய வீட்டின் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டதையும், கிணற்றடி வாழைக்குக் கடைசியாக வாளியால் தண்ணீர் ஊற்றியதையும், கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்கும் அதே குரலில்தான் சொல்வா. நாங்கள் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கிட்டப் போய் இருப்போம். ‘ஃபைனல் டே’ எனக்குப் பிடிபட்டது அந்த வழியாலேயே. கார்டிஃப் இளைஞர்களுக்கு அம்மம்மாவின் அனுபவம் இல்லை, அவர்கள் பயந்த குண்டு விழவும் இல்லை; இரண்டையும் ஒன்றாக்க நான் வரவில்லை. பயங்கரத்தைச் சொல்ல அந்தக் குரலும் போதும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, இசையில் அதைத் தேட மட்டும் தெரியாமல் இருந்தது.

தட்டில் எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். குரலில்லாத இரண்டு வாத்தியப் பாடல்கள் இருக்கின்றன; ‘த டக்ஸி’யை நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். சில இடங்களில் பாட்டு முடிந்ததா, யோசனை முடிந்ததா என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. ஒத்திகைப் பதிவு போல இருக்கிறது என்று குறை சொல்பவர்களோடு சண்டைக்குப் போகவும் தயாரில்லை. ஆனால் மெருகேற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: தட்டின் முதல் பாடலான ‘சேர்ச்சிங் ஃபோர் மிஸ்டர் ரைட்’டிலிருந்தே தொடங்கலாம். காதை மூடும் ஹெட்போன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பேஸ் கேட்கின்ற எந்தப் பழைய ஸ்பீக்கரும் போதும். சத்தத்தை வழமையை விட அதிகம் கூட்ட வேண்டாம். அறையின் சத்தத்தைக் குறைப்பதுதான் வேலை. முதல் தடவை குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். பிடித்துப்போனால் அடுத்து ட்ரேசி தோர்ன் 1982 இல் வெளியிட்ட ‘எ டிஸ்டன்ட் ஷோர்’ இருக்கிறது. பின்னாளில் எவ்ரிதிங் பட் த கேர்ள் குழுவில் புகழ்பெற்ற அதே தோர்ன்தான். இதில் ஏறக்குறைய ஒரு கிற்றாரும் ஒரு குரலும் மட்டும். நிக் ட்ரேக்கின் ‘பிங்க் மூன்’ (1972) பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வெளியானபோது சில ஆயிரம் பேர்கூட வாங்கியிராத அந்தத் தட்டு, 1999 இல் ஒரு கார் விளம்பரத்தில் ஒலித்த பிறகு மளமளவென்று விற்றது என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

யங் மார்பிள் ஜயண்ட்ஸ் முதல் தட்டு வெளியாகி ஏறத்தாழ ஒரு வருடத்திலேயே கலைந்துவிட்டார்கள். இரண்டாவது முழுத் தட்டு வரவேயில்லை. ஆனால் தட்டு கைமாறிக்கொண்டே இருந்தது. மெல்லத் தொடங்கி வெடிக்கும் பாடல்களால் உலகப் புகழ் பெற்ற நிர்வாணா குழுவின் கேர்ட் கோபெய்ன், தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிய பிடித்த 50 இசைத்தட்டுகளின் பட்டியலில் இதையும் சேர்த்திருந்தார். அவரது மனைவி கோட்னி லவ்வின் ‘ஹோல்’ குழு, ‘கிரெடிட் இன் த ஸ்ட்ரெயிட் வேர்ல்ட்’ பாடலை எடுத்து 1994 இல் தங்கள் தட்டில் பாடியது. கிற்றார்கள் அலற, தொண்டை கிழியப் பாடிய அந்த வடிவமும் நல்ல வடிவம்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஹோலின் பாட்டை பஸ்ஸிலேயே கேட்கலாம்.